பொம்மைக்குத் துணி போட்டவள்

கடல் ஒதுக்கிவிட்ட உடலுக்கு எவர் முதலில் தன் துணியைப் போட்டு மூடுகிறாரோ அவரே சொந்தம், அழுவதும் அவர் பாடு, அடக்குவதும் அவர் பாடு, அவரைக் கேட்காமல் போலீஸ்காரன்கூட ஒரு விரல் வைக்க முடியாது என்பது பாசிமுனையில் கோயில் கட்டுவதற்கு முன்னாலேயே இருந்த சட்டம், அந்தச் சட்டத்துக்குப் பயந்தே ஊரில் பாதிப் பேர் விடியக்காலையில் மணலில் ஆள் உயரத்துக்கு எதையாவது கண்டால் செருப்பைத் தேடுகிற பாவனையில் குனிந்து அப்படியே திரும்பிவிடுவார்கள். பவுலினாள் திரும்பவில்லை. மீன் எடுக்க ஏலத்துறைக்குப் போய்க்கொண்டிருந்தவள், வெள்ளை உடுப்பும் பூட்ஸும் தலையில் உருண்டையாக ஒரு கவசமுமாகக் குப்புறக் கிடந்தவனைப் பார்த்தாள், அலை வந்து வந்து அவன் கையைத் தூக்கித் தூக்கி வைத்தது, "எந்தத் தாய் பெத்த பிள்ளையோ" என்று சொல்லிக்கொண்டே தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை உருவி உதறி அவன் மேல் போட்டுவிட்டாள். அப்புறம்தான் நாலு ஆண்பிள்ளைகள் ஓடிவந்து புரட்டிப் போட்டார்கள், கவசத்தின் கண்ணாடியைத் தூக்கினார்கள். உள்ளே ரப்பர் முகமும் வரைந்த கண்ணும் இருந்தன.

ஊர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது ஏலத்துறையில் தொடங்கிக் கோயில் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. "ஏ பவுலினா, புது மாப்பிள்ளை சோறு திம்பாரா, இல்ல காத்து அடிச்சு விடணுமா?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பவுலினாள் இடுப்பில் கை வைத்து எல்லாரும் சிரித்து முடிக்கும் வரை நின்றாள். "சிரிங்கடி, நல்லா சிரிங்க. போட்ட துணி போட்டதுதான். கடலு குடுத்ததைக் கரை வேண்டாங்கக் கூடாதுன்னு உங்க பாட்டன் பூட்டன் சொன்னானே, ரப்பருக்கு வேற சட்டம்னு அதுல ஒரு வார்த்தை சொன்னானா?" என்று கேட்டாள்.  மீன் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியில் அதைத் தூக்கி உட்காரவைத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

அது எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் ஒன்றும் கிடையாது. பாசிமுனைக்கு வடக்கே வேலிக்கு அந்தப் பக்கம், ஊர்க்காரர்கள் ராக்கெட் ஆபீஸ் என்று சொல்கிற ஏவுதளம் இருக்கிறது, அங்கே மனுசரை வானத்துக்கு அனுப்பப் போகிறார்கள், அனுப்புவதற்கு முன்னால், திருவிழாவுக்கு முன்னால் வெறும் தேரை இழுத்து அச்சு தாங்குமா என்று பார்க்கிறோமே, அதைப்போல ஆளில்லாத கலத்தை ஏற்றி இறக்கிப் பார்க்கிறார்கள். அந்தக் கலத்தின் இருக்கையில் ஆள் எடைக்கும் ஆள் உயரத்துக்கும் ஒரு பொம்மையைக் கட்டிவைத்து அதன் நெஞ்சுக்குள் ஒரு பெட்டியைப் பதித்திருப்பார்கள். கலம் இறங்கும்போது நெருப்புக்குள் புகுந்து வருகிற கொஞ்ச நேரம் வானத்துக்கும் தரைக்கும் பேச்சு அறுந்துபோகும், அந்நேரம் உள்ளே ஒரு மனுசன் இருந்தால் பிழைப்பானா கருகுவானா என்பது அந்தப் பெட்டி ஒன்றுக்குத்தான் தெரியும். இந்தத் தடவை பாராசூட் ஒன்று விரியாமல் கலம் சாய்ந்து விழுந்து கதவு பிய்ந்துகொண்டது. ஆபீஸ் கப்பல்கள் கலத்தைத் தூக்கிக்கொண்டன, பொம்மையை மட்டும் காணோம்.

பவுலினாளுக்கும் அந்த ஆபீசுக்கும் ஒரு பகை இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் அவள் புருஷன் கஸ்பார், யார் சொல்லும் கேட்காத முரடன், ஆழக்கடலில் தங்கி மீன் பிடிக்க வள்ளத்தில் தனியாகப் போயிருந்தான். அவன் போன பிறகு, நாளைக்கு ராக்கெட் விடுகிறார்கள், ஒருத்தரும் கடலுக்குப் போகக் கூடாது என்று கோயில் மைக்கில் அறிவித்தார்கள். பவுலினாள் ஊர்க் கமிட்டித் தலைவர் தொபியாஸ் வீட்டுக்கு ஓடினாள். "அண்ணே, அவிய கடலுக்குள்ள இருக்காவ, ஆபீசுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க" என்றாள். அவரும் போட்டார். எடுத்தவர் அந்த ஆபீசின் இயக்குநர் கோதண்டபாணியேதான். தொபியாஸ், கஸ்பார்னு ஒருத்தர் சார், எங்க ஊர் ஆளு சார், கிழக்கே தங்கலுக்குப் போயிருக்கார் சார் என்று மூன்று சார் போட்டுச் சொன்னதும், அந்தப் பக்கமிருந்து வந்த பதில் பக்கத்தில் நின்ற பவுலினாளுக்கும் தெளிவாகக் கேட்டது. "கடல் பெருசுங்க. தேடிப் போயா அந்த ஒரு வள்ளத்து மேல விழப்போகுது?" அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார்.

விழுந்தது. எரிந்து தீர்ந்த அடிப்பாகம் எங்கே விழ வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தார்களோ அங்கேயே விழுந்தது, கஸ்பாரும் அங்கேதான் வலை விட்டிருந்தான். அடுத்த ஊர் விசைப்படகுக்காரர்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள், நீல வண்ணம் அடித்த ஒரு பலகைத் துண்டு கரைக்கு வந்தது, அவன் வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் கோதண்டபாணி டிவியில் சிரித்துக்கொண்டே, ஆளில்லாச் சோதனை முழு வெற்றி, ஓர் உயிருக்கும் சேதமில்லை என்றார். பாசிமுனை எத்தனையோ வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்த தூண்டில் வளைவு, அதுதான் கடல் ஊரைத் தின்னாமல் காக்கிற கல்சுவர், அந்த வருடமே வந்து இறங்கியது. அன்று எங்கள் ஊர் வள்ளம் ஒன்றும் கடலில் இல்லை என்று தொபியாஸ் சொல்ல, கமிட்டி முழுசும் தலையாட்டியது. அப்படியானால் கஸ்பார் எங்கே என்று ஒரு கேள்வி வருமே, அதற்கும் ஊர் ஒரு பதில் வைத்திருந்தது, கொச்சியில் ஒருத்தியோடு இருக்கிறானாம்.

அந்த வார்த்தையைச் சொன்ன வாய்களுக்கெல்லாம் பவுலினாள் தினமும் மீன் விற்றாள். உடல் இல்லாததால் துக்கமணி அடிக்கவில்லை, மணி அடிக்காததால் தாலி இறங்கவில்லை, பெண்டாட்டியும் இல்லை கைம்பெண்ணும் இல்லை என்று அந்தரத்தில் தொங்கினாள். குகை மாதிரிக் கட்டிய கெபியில் மாதா முன்னால் முழங்காலில் நின்றால், மற்றவர்கள் கேட்கிற சமாதானம், சுகம், பிள்ளை குட்டிக்கு வேலை என்பதெல்லாம் அவளுக்கு வேண்டாம். "அந்தாளு வாயால சொல்லணும் தாயே. ஆளு இருந்தான், எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் விட்டேன்னு இந்த மணல்ல நின்னு சொல்லணும். சொல்லாம அவன் கண்ணு மூடக் கூடாது" என்று அது ஒன்றைத்தான் கேட்டாள்.

பொம்மையை முன்னறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தாள். இரண்டொரு நாளில் அதற்குத் தாடி முளைத்தது.

முதலில் முகவாயில் பாசி படர்ந்திருக்கிறது என்று நினைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தாள், போகவில்லை, மறுநாள் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது, கறுப்பும் வெள்ளையுமாகக் கலந்து, கஸ்பாருக்குத் திருக்கை முள் கிழித்த இடது கன்னத்தில் ஒரு விரல் அகலத்துக்கு முடி முளைக்காத வடு இருக்குமே, அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு வளர்ந்தது. பவுலினாள் கிட்டே குனிந்து முகர்ந்தாள். டீசலும் பீடியும் உப்பும் சேர்ந்த வாடை வந்தது. "வந்துட்டியளா, இம்புட்டு நாளா எங்க போய் உக்காந்திருந்திய?" என்று திட்டினாள், பிறகு நாற்காலிக் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு சலூன் செல்லக்கண்ணைக் கூட்டிவரப் போனாள்.

செல்லக்கண்ணு ரப்பரில் கத்தி வைக்க யோசித்தாரே தவிர தாடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வளர்ந்தால் வழிக்கத்தானே வேண்டும்? சோப்பு நுரை போட்டு, வடுவைச் சுற்றி அந்தக் காலத்தில் எப்படித் திருப்புவாரோ அப்படியே கத்தியைத் திருப்பி வழித்துவிட்டு, "சனிக்கிழமை சனிக்கிழமை வந்துர்றேன் மதினி, கோயிலுக்குப் போற முகமில்லா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து ஊரும் அதற்கேற்ற மாதிரி தன்னைத் திருத்திக்கொண்டது. அந்தத் தெருவில் போகிற ஆண்கள் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "போயிட்டு வாறோம் கஸ்பார் மாமா" என்றன. தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் அவர் முன்னால் கறிக்குழம்பு கொதிக்கலாமா என்று பெண்கள் சண்டை போட்டார்கள். ரேஷன் கடைக்காரர் கஸ்பார் கைரேகை விழாமல் அவர் பங்கு அரிசியைப் போட முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். பங்குச் சாமியார் ஒருநாள் வந்து பார்த்து, தாடியைத் தொட்டுப் பார்த்து, "கடவுளுக்கு எல்லாம் முடியும், ஆனா அடக்கத்துக்கு ஆயரைக் கேக்கணும்" என்று காபி குடித்துவிட்டுப் போனார்.

காத்து அடிச்சு விடணுமா என்று அன்றைக்குக் கேட்டவள் ஒருநாள் வாசலில் வந்து நின்றாள். "கொச்சின்னு சொன்ன வாயி அழுகிப் போகட்டும் மதினி" என்று தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். பவுலினாள் அவளை உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அவள் அடித்துக்கொள்வதைக் கடைசி அடி வரைக்கும் பார்த்தாள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தொபியாஸ் மட்டும் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை, கோயிலுக்குக்கூடக் கடற்கரை வழியாகச் சுற்றிப் போனார்.

பொம்மை இருக்கிற இடம் ஆபீசுக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? முதலில் ஜீப்பில் இரண்டு சின்ன அதிகாரிகள் வந்தார்கள், அரசாங்கச் சொத்து அம்மா, எங்களுடையது அம்மா என்றார்கள். "துணி போட்டது நான். உங்க பெரியவரை வரச் சொல்லுங்க" என்றாள். அடுத்து இன்ஸ்பெக்டரை அனுப்பினார்கள். அவர் முறைத்துக்கொண்டே உள்ளே போனவர், முகவாயில் நரை ஓடிய தாடியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "அடக்கம் எப்பம்மா?" என்று மெல்லக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். பெட்டி இல்லாமல் அடுத்த வேலை நகராது, மனுசர் ஏறப்போகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆக கோதண்டபாணியே வந்தார். அவரோடு, அந்தக் கலத்தில் முதல் ஆளாக ஏறப்போகிற விமானி குருபரனும் வந்தான். தன் இருக்கையில் தனக்கு முன்னால் உட்கார்ந்து போனது எந்தப் பாடுபட்டது என்று நேரில் பார்க்க வேண்டும் என்று அவன் பிடிவாதமாகக் கேட்டு வந்திருந்தான்.

பவுலினாள் பொம்மையை நாற்காலியோடு கடற்கரைக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். செல்லக்கண்ணு அன்று காலையில்தான் வழித்துவிட்டிருந்தார். உச்சி வெயிலில் ஊர் முழுக்கச் சுற்றி நின்றது, தொபியாசை இரண்டு பேர் கையைப் பிடித்து அழைத்துவந்து முன்னால் நிறுத்தினார்கள்.

"அம்மா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா இது பொம்மை. எங்க பட்டறையில செஞ்சது. நெஞ்சுல இருக்கற பெட்டியை எடுத்துக்கிட்டா உடம்பை நீங்களே வச்சுக்கலாம்" என்றார் கோதண்டபாணி, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

"பொம்மைதானா சார்?"

"பொம்மைதான்."

"அப்பம் சரி." பவுலினாள் இடுப்பிலிருந்து மீன் கத்தியை எடுத்து, பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினாள். "பொம்மைக்கு நோவாது பாருங்க. உங்க கையால அறுத்து எடுத்துக்கிடுங்க. வேற எவனும் தொடக் கூடாது, நீங்கதான்."

கோதண்டபாணி கத்தியை வாங்கினார். இதென்ன பெரிய காரியம் என்று நினைத்திருப்பார் போல. முழங்காலில் உட்கார்ந்து, வெள்ளை உடுப்பின் பொத்தானைக் கழற்றி, ரப்பர் நெஞ்சில் கத்தி முனையை வைத்தார். அப்போது அவர் கண்ணெதிரே, வழித்த முகவாயில், வடுவை மட்டும் விட்டுவிட்டு, கறுப்பும் வெள்ளையுமாக முடி எழும்பியது. கத்தி அந்த இடத்திலேயே நின்றது. ஊரே அவருடைய கையைத்தான் பார்த்தது.

"அறுங்க சார்" என்றாள் பவுலினாள். "கடலு பெருசுன்னு சொல்லும்போது நடுங்காத கைதானே, இப்பம் என்ன?"

குருபரன் முன்னால் வந்தான். "இவங்க என்ன சொல்றாங்க சார்? கடல்ல யாராவது இருந்தாங்களா?"

"அதெல்லாம் அப்புறம் பேசலாம் தம்பி."

"அந்த சீட்டுல அடுத்து உட்காரப் போறது நான் சார். இப்பவே சொல்லுங்க. ஆள் இருந்தாரா, இல்லையா?"

பதில் வந்தது தொபியாசிடமிருந்து. "நான்தான்யா போன் போட்டேன்" என்று அவர் மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "மூணு சார் போட்டுச் சொன்னேனே. அப்புறம் நாலு கல்லுக்கு ஆசைப்பட்டு அவனை இல்லைன்னுட்டேன். நான் மனுசனா?"

கோதண்டபாணி கத்தியைக் கீழே வைத்தார்.  "இருந்தார்" என்றார்.

"யாரு?" என்றாள் பவுலினாள்.

"கஸ்பார்."

"கேக்கல சார். ஏலத்துறை வரைக்கும் கேக்கணும்."

"கஸ்பார் இருந்தார்! எனக்குத் தெரியும். தள்ளி வச்சா அந்த வாய்ப்பு மறுபடி வர மாசக்கணக்காகும்னு... தெரிஞ்சேதான் விட்டேன்." சொல்லி முடித்ததும் அவர் முகம் லேசாகிவிட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனிமேல் வேலையைப் பார்க்கலாம் என்கிற முகம். கை மறுபடியும் கத்தியைத் தேடியது. "பெட்டியை மட்டும்..." என்றார்.

பவுலினாள் கத்தியின் மேல் காலை வைத்தாள். "ஆளுன்னு உங்க வாயால சொல்லியாச்சு. கடல்ல செத்து வந்த ஆளை எங்க ஊர்ல அறுக்கிற வழக்கம் இல்ல. புதைப்போம்" என்றாள்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பொம்மை என்றால் அறுத்திருக்க வேண்டும், ஆள் என்றால் விட்டுவிட வேண்டும், இரண்டு வாசலிலும் இவளே நிற்கிறாள். அவர் குருபரனைப் பார்த்தார், அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான். கோயிலில் துக்கமணி அடிக்கத் தொடங்கியது. ஆயரைக் கேட்க வேண்டும் என்ற பங்குச் சாமியார் யாரையும் கேட்காமல் தானே கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். குழியைத் தொபியாஸ் தோண்டினார், உதவிக்கு வந்தவர்களைப் பவுலினாள் தடுத்துவிட்டாள், கை கிழிந்து மண்வெட்டிப் பிடி சிவந்த பிறகும் தடுத்தாள். சவப்பெட்டியின் ஒரு முனைக்குக் குருபரன் தோள் கொடுத்தான். முன்னால் சிலுவை தூக்கிக்கொண்டு, பூட்ஸ் மணலில் புதையப் புதைய, கோதண்டபாணி நடந்தார். நெஞ்சில் அந்தக் கருவியோடும் முகத்தில் அந்தத் தாடியோடும் கஸ்பார் உள்ளே இறங்கினான், பவுலினாள் தாலியைக் கழற்றிக் கூடவே போட்டாள்.

பழி தீர்ந்தால் மனசு ஆறும் என்பார்கள். ஆறவில்லை. வீட்டுக்கு வந்து காலி நாற்காலியைப் பார்த்ததும் வயிற்றில் பழைய நெருப்பு அப்படியே இருந்தது, இன்னும் சொல்லப்போனால் கொஞ்சம் கொழுந்துவிட்டது. ஒரு தடவை சொன்னால் போதுமா? இத்தனை வருடமும் கடலைப் பார்த்து அவள் கஸ்பாரைத் தினம் தினம் கூப்பிட்டாளே.

நெஞ்சுப் பெட்டி போனதால் ஆபீஸ் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று, புதுப் பொம்மை செய்து புதுக் கலத்தில் கட்டினார்கள். கடலில் ஆள் இருக்கிறதா என்று கரையில் நின்று கூப்பிட்டுப் பார்க்காமல் எந்தக் கலமும் கிளம்பக் கூடாது, கிளம்பினால் நான் ஏற மாட்டேன் என்று குருபரன் சொல்லிவிட்டான். மைக்கில் கூப்பிடுவதற்கு ஆள் அனுப்புகிறோம் என்றது ஆபீஸ். மைக் வேண்டாம், இயக்குநரே வர வேண்டும், ஒவ்வொரு ஆளையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், பவுலினாள் போதும் என்று சொன்ன பிறகுதான் ராக்கெட் கிளம்பச் சங்கு ஊதலாம், இல்லையென்றால் இருக்கிற வள்ளம் அத்தனையும் அடிப்பாகம் விழுகிற இடத்தில் போய் நங்கூரம் போடும் என்றது பாசிமுனை. இந்தத் தடவை கமிட்டி ஒரே குரலில் சொன்னது.

அந்த நாள் வந்தது. வெயில் ஏறிக் காற்று திரும்புவதற்குள் விட்டாக வேண்டும், தவறவிட்டால் போனதுதான், திரும்ப எப்போது என்று சொல்ல முடியாது. வடக்கே வேலிக்கு மேலே ராக்கெட் வெள்ளையாகப் புகைவிட்டு நின்றது. கோதண்டபாணி அலை ஓரத்தில் நின்று பேர்களை மனப்பாடமாகக் கூப்பிட்டார், வாயில் கை குவித்துக்கொண்டு, சிலுவைதாசன் என்றால் இருக்கேன், மொராயிஸ் என்றால் இருக்கேன், செல்லக்கண்ணு கடலுக்கே போகாதவர், அவரும் ஆசைக்கு ஒரு இருக்கேன் சொன்னார். எல்லாரும் ஆயிற்று. கடைசிப் பேர் ஒன்று பாக்கி.

"கஸ்பார்!"

அலை அடித்தது. அவர் காத்திருந்தார். பவுலினாள் கவிழ்த்த வள்ளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டு, வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளி நிதானமாகச் சுண்ணாம்பு தடவினாள்.

"கஸ்பார்!"

அவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது, அடித்து நின்றது, மறுபடி அடித்தது. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். தெற்கே சாய்ந்திருந்த தென்னை ஓலை நிமிர்ந்து மேற்கே சாயத் தொடங்கியிருந்தது.

"அம்மா, போதுமா?" என்று கேட்டார். 

பவுலினாள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள்.

"கடலு பெருசு சார்" என்றாள். "கேட்டுப் பதில் சொல்ல நேரம் ஆகத்தான செய்யும். கூப்பிடுங்க."

அவர் திரும்பி, தண்ணீரைப் பார்த்து, மறுபடியும் கூப்பிட்டார்.